ஆணியில் இரண்டு சாவி

அத்தியாயம் 9

காப்பிக்கொட்டை மூட்டையைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு அரசேலி ஊரைச் சுற்றி வந்த கதையைப் போன வாரம் படித்துச் சிரித்தவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அந்த மூட்டைக்கு இந்த வாரமும் வேலை இருக்கிறது.

விட்ட இடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசேலிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கிழங்கு மாவில் அச்சிரா பிஸ்கட் சுட்டு, பைக்கில் பெட்டி கட்டி, எங்கள் மலையூர் கார்சோனில் கடை கடையாகப் போடுகிறவள். அந்த பைக்கில் அவள் போன அதிகபட்சத் தூரம் பக்கத்து நகரம் நேய்வா. அங்கிருந்தும் மழை வரும் போலிருக்கிறது என்று மத்தியானமே திரும்பிவிட்டாள். அப்படிப்பட்டவள், வருகிற சனிக்கிழமை விடிகாலை கிளம்பி, மக்தலேனா ஆற்றை ஒட்டியே வடக்கே போய், கொவேன்யாஸில் கடலில் கால் நனைத்துவிட்டுத்தான் மறுவேலை என்கிறாள். அவள் கடலைப் பார்த்ததில்லை. அவள் புருஷன் எவேலியோவும் பார்த்ததில்லை. ஆனால் கல்யாணமான புதிதில் கடலுக்குக் கூட்டிப் போவதாக வாக்குக் கொடுத்தவர் அவர்தான்.

எவேலியோ மலைப்பாதையில் மரத்தால் பாடி கட்டிய பஸ் ஓட்டியவர். முப்பது வருஷம் ஊரையும் ஊரின் காப்பி மூட்டைகளையும் சுமந்துவிட்டு, முதுகுவலி என்று சொல்லிப் போன வருஷம் பஸ்ஸை விற்றார். கடலுக்கு வர அவருக்கும் ஆசைதான். பெண்டாட்டி ஓட்ட, தான் பின்னால் உட்காருவதுதான் அவருக்குத் தொண்டையில் சிக்கியது. எங்கள் பக்கத்தில் பின்சீட்டில் உட்காருகிறவருக்கு ‘பரியேரோ’ என்று பெயர். கறி வாட்டுகிற கம்பித்தட்டு இருக்கிறதே, அதன் மேல் உட்காருகிறவர் என்று அர்த்தம். “இந்த வயசுல நான் கம்பித்தட்டுல வேகணுமா? நீங்க பைக்ல போங்க. நான் பஸ்ஸுல வந்து கடல்கிட்ட நிக்கிறேன்” என்று சொல்லிவிட்டார்.

‘நீங்க’ என்றா சொன்னார் என்று கேட்காதீர்கள். எங்கள் பக்கம் புருஷன் பெண்டாட்டியை, அப்பா மகளை, ஏன், வீட்டு நாயைக்கூட ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவோம். சண்டையும் அதே மரியாதையோடு நடக்கும்.

அரசேலி ஒரு மூட்டை காப்பிக்கொட்டையைப் பின்சீட்டில் கட்டினாள். ஓட்டிப் பழகுவதோடு விட்டிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். போகிற வழியெல்லாம் மூட்டையோடு பேசிக்கொண்டே போனாள். “இதோ வளைவு வருது. இடது பக்கம் ஒரு நாய். இந்த வீட்டுக்குப் பச்சைச் சாயம் அடிச்சிருக்காங்க.” ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

இனி இன்றைய கதை.

இன்று உத்தரிய மாதா திருநாள். வண்டி ஓட்டுகிற அத்தனை பேருக்கும் அவள்தான் தாய். விடியும் முன்பே வெடிச் சத்தத்தில் ஊர் நாய்கள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் போய்விட்டன. லாரி, டாக்சி, பால் வண்டி எல்லாவற்றிலும் நீலமும் வெள்ளையுமாக ரிப்பனும் பலூனும் ஆடின. அரசேலியின் பைக் மட்டும் லிபார்தோவின் பட்டறையில் பின்சக்கரம் கழன்று கிடந்தது.

அவள் சமையலறையில் நின்றபடியே காப்பியைக் குடித்து முடித்தாள். நாற்காலிகளின் மேல் இரண்டு மழைக்கோட்டுகளை விரித்துப் போட்டிருந்தாள். ஒன்று அவளுக்கு. மற்றொன்று யாருக்கு என்று எவேலியோ கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

“கிழவரே, பூசைக்குப் போறீங்கல்ல?”

“போகாம? மாதா என்கிட்ட கோவிச்சுக்க என்ன இருக்கு. வண்டிதான் இல்லை.”

“ஸ்பேர் சாவி ஆணியில தொங்குது. எடுத்துட்டுப் போய் மந்திரிச்சுட்டு வாங்க. பைக் நாளைக்குத்தான் கிடைக்கும்னு லிபார்தோ கையை விரிச்சுட்டார். சாயங்கால ஊர்வலத்துக்கு வண்டி வராது. சாவியாவது தீர்த்தம் வாங்கட்டும்.”

“நீங்களே போகலாமே?”

“நான் தலைமேல நிக்கலைன்னா லிபார்தோ ஸ்பானரைப் போட்டுட்டு ஊர்வலத்துக்கு ஓடிடுவார். பாதர் தெளிக்கும்போது நல்லா உசத்திப் பிடிங்க, என்ன? மந்திரிக்காத வண்டியில நான் நேய்வாவைத் தாண்ட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்.”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பயணத்துக்கு எல்லாம் தயார் செய்திருந்தாள். மாற்று ட்யூப், பஞ்சர் சாமான், பெட்டியைக் கட்ட எலாஸ்டிக் வலை, வழிக்கு அச்சிரா. அவள் பயப்பட்டது ஒன்றுக்குத்தான், மாதாவின் கை படாமல் போவதற்கு.

கதவுக்குப் பின்னால் ஆணியில் இரண்டு சாவிகள் தொங்கின. ஒன்று பைக்கின் ஸ்பேர் சாவி, மற்றது விற்றுப்போன பஸ்ஸின் இரண்டாவது சாவி. வாங்கியவரிடம் கொடுக்க மறந்துவிட்டதாக எவேலியோ சொல்லுவார். இரண்டும் ஒரே அளவு. இரண்டுக்கும் போன வருஷத் திருநாளில் அரசேலியே நீல ரிப்பன் கட்டினாள். மாறிவிடக் கூடாது என்று பைக் சாவியின் தலையில் மட்டும் தன் சிவப்பு நகப்பூச்சைத் தடவி வைத்திருந்தாள்.

எவேலியோ கையை நீட்டி ஒன்றை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கூடப் போனவள் மகள் யினெத். மருந்துக் கடையில் வேலை செய்கிறவள், இன்றைக்கு லீவு சொல்லியிருந்தாள். கோவில் சதுக்கத்தில் காலை வைக்க இடமில்லை. டிரைவர்கள் எல்லோரும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றார்கள். எவேலியோவைப் பார்த்ததும் பெலார்மினோவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எவேலியோவோடு ஒரே தடத்தில் ஓட்டியவர் அவர், வாய் மட்டும் வேறு தடத்தில் ஓடும்.

“வாங்க பரியேரோ. சனிக்கிழமை எந்தப் பக்கம் முதல்ல வேகப்போகுது?”

“நான் பஸ்ஸுல போறேன், கூட்டாளி.”

“அப்போ பின்சீட்டுல மூட்டைதான் போகுதா? அதுக்காவது கடலைப் பார்க்கக் குடுத்து வெச்சிருக்கு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எவேலியோவும் சிரித்தார். ஆனால் யினெத்தின் தோளில் இருந்த அவர் கை கொஞ்சம் இறுகியது. கூட்டம் அதிகம் என்பதால் பிடித்திருக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பூசை முடிந்து பாதர் வாசலுக்கு வந்தார். “சாவியை உசத்துங்க மக்களே” என்றார். சதுக்கம் முழுக்க கைகள் எழுந்தன. சாவிக் கொத்துகள் குலுங்குகிற சத்தம் இருக்கிறதே, வருஷத்தில் ஒரு நாள்தான் எங்கள் ஊரில் அதைக் கேட்கலாம். எவேலியோ பையிலிருந்து சாவியை எடுத்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு திருப்தியாகத் தலையாட்டிவிட்டு உயர்த்திப் பிடித்தார். தீர்த்தம் அவர் நெற்றியிலும் சாவியிலும் பட்டது.

யினெத் அண்ணாந்து பார்த்தாள். சாவியின் தலையில் சிவப்பு இல்லை.

“அப்பா, அது...”

“உஷ். பாதர் செபம் சொல்றார்.”

அவள் வாயை மூடிக்கொண்டாள். பாதர் அடுத்த பக்கம் நகர்ந்துவிட்டார்.

அவர்கள் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது லிபார்தோ பின்சக்கரத்தைப் பூட்டிக்கொண்டிருந்தான். புது பேரிங், புது செயின் செட். அரசேலி ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் மகளும் வாசலுக்கு வந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

“பின் ஸ்பிரிங்கை எவ்வளவு எடைக்கு முறுக்கட்டும், தோன்யா அரசேலி? பெட்டி மட்டும்தானே?” என்று கேட்டான் லிபார்தோ. பெரியவர்களை எங்கள் ஊரில் தோன், தோன்யா என்று சேர்த்துத்தான் கூப்பிடுவோம்.

“பெட்டியும் மூட்டையும்.”

“மூட்டையையா கடலுக்குக் கூட்டிட்டுப் போறீங்க?”

“மூட்டை எதுக்கு வருது. அது என் புருஷன் எடைக்குப் பார்த்துக் கட்டினது. அவர் எடைக்கு முறுக்குங்க.”

“அவர் பஸ்ஸுல வர்றதா ஊரே பேசுது.”

“ஊர் பேசட்டும். நீங்க முறுக்குங்க.”

வாசலில் நின்ற எவேலியோவின் முகத்தை யினெத் பார்த்தாள். திட்டு வாங்கினால் எப்படி இருப்பார் என்று அவளுக்குத் தெரியும், கேலி செய்தால் எப்படி இருப்பார் என்றும் தெரியும். இந்த முகம் புதிது. அவர் இருமினார்.

அரசேலி எழுந்தாள். “வந்துட்டீங்களா? குடுங்க, குடுங்க.” சாவியை வாங்கி உதட்டில் ஒற்றிக்கொண்டவள், அப்படியே நின்றுவிட்டாள். திருப்பிப் பார்த்தாள்.

“கிழவரே, இது எந்தச் சாவி?”

லிபார்தோ எட்டிப் பார்த்தான். “தோன் எவேலியோ, இது உங்க பஸ் சாவியாச்சே. எத்தனை தடவை இதைப் போட்டு ஸ்டார்ட் பண்ணியிருக்கேன்.”

“பஸ் இப்போ எங்க இருக்கு?” என்றாள் அரசேலி.

“பித்தலீத்தோல” என்றார் எவேலியோ.

“யார்கிட்ட?”

“வாங்கினவர்கிட்ட.”

“ஆக, நம்ம மெழுகுவத்தி, நம்ம முழங்கால், நம்ம செபம். மந்திரிப்பு மட்டும் பித்தலீத்தோக்காரருக்கு. அந்த மனுஷர் இன்னைக்குக் கட்டில்ல படுத்துத் தூங்கிட்டு இருப்பார். ஒண்ணுமே செய்யாம அவர் பஸ்ஸுக்கு மாதா காவல். எனக்கு?”

“பழக்கதோஷம்” என்றார் எவேலியோ. “முப்பது வருஷமா இதைத்தானே உசத்தினேன். கை தானாப் போயிடுச்சு.”

அரசேலி அவரையே பார்த்தாள். கோபமாக ஏதோ சொல்லப் போகிறாள் என்று மற்ற இருவரும் காத்திருந்தார்கள். அவளோ சட்டென்று சிரித்துவிட்டாள், லிபார்தோவும் சேர்ந்துகொண்டான். சிரித்து முடித்ததும் அவன் பக்கம் திரும்பினாள்.

“நாலு மணிக்கு மாதா கோவிலுக்குத் திரும்புறாங்க. பாதர் படியில நின்னு வண்டி வண்டியாத் தெளிப்பார். அதுக்குள்ள என் பைக் ஓடணும்.”

“நாளைக்குன்னுல்ல பேச்சு? நானும் ஊர்வலத்துக்குப் போக வேண்டாமா?”

“போங்களேன். பைக் ஓடினா நீங்களும் போகலாம். ஓடலைன்னா ரெண்டு பேரும் இங்கேயே உக்காந்து செபமாலை சொல்லலாம். எனக்குச் சம்மதம்தான்.”

லிபார்தோ பெருமூச்சு விட்டு ஸ்பானரை எடுத்தான்.

“யினெத், நீங்க அப்பாவைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போங்க. நீல ரிப்பன் எடுத்துட்டு வாங்க. ரெண்டாவது ஹெல்மெட்டையும்.”

“ரெண்டாவது எதுக்கு?” என்றார் எவேலியோ.

“மூட்டைக்கு.”

வீட்டுக்கு வந்ததும் எவேலியோ சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். யினெத் ஹெல்மெட்டைத் துடைத்து மேசையில் வைத்தாள். பஸ் சாவியை ஆணியில் மாட்டும்போது அவள் கை நின்றது. பழக்கதோஷம் என்றால் பார்க்காமலே அல்லவா உயர்த்தியிருப்பார்? அப்பா அந்தச் சாவியை மூக்கு வரை கொண்டுபோய்ப் பார்த்தாரே.

அவள் ஒரு காரியம் செய்தாள். செய்யும்போதே தன் மேல் அவளுக்கு வெறுப்பாக இருந்தது. கோழிக்கூண்டுப் பூட்டின் சாவியை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“அப்பா, இதுதானே பைக் சாவி? சிவப்பு இருக்கா பாருங்க.”

எவேலியோ கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “இருக்கே. நல்லா பளிச்சுனு இருக்கு.”

யினெத் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோழிக்கூண்டுச் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். விரல்கள் தடவிப் பார்த்தன, பிறகு அசையாமல் இருந்தன.

“ஒரு கண்ணுல லேசா புரைன்னுதானே சொன்னீங்க?”

“இன்னொண்ணும் அதுகூடச் சேர்ந்துக்கிச்சு.”

“எப்போ இருந்து?”

“பஸ்ஸை வித்ததுக்குக் காரணம் முதுகு இல்லை மகளே. ஒரு நாள் மலை இறக்கத்துல, எதிர்ல வந்த மாட்டைக் கடைசி நேரத்துலதான் பார்த்தேன். வண்டி நிறைய ஜனம். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.”

யினெத்துக்கு அழுகை வந்தது. அவள் அதை அடக்கிக்கொள்ளவும் இல்லை. “அம்மாகிட்ட ஏன் சொல்லலை?”

“சொன்னா அவங்க கிளம்ப மாட்டாங்க. கடலை விட்டுட்டு என் பக்கத்துல உக்காந்துக்குவாங்க. கல்யாணத்துலேருந்து காக்க வெச்சுட்டேன். இப்போ தானாப் போறேங்கிறாங்க. போகட்டுமே.”

“அப்போ நீங்க பஸ்ஸுல எப்படிப் போவீங்க? பொகொத்தாவுல பஸ் மாறணும், அந்த ஸ்டாண்டுல எத்தனை போர்டு. யார் படிச்சுச் சொல்லுவாங்க?”

“கேட்டுக்கிட்டே போறது.”

“நீங்களா? வழி கேக்கறதா?”

அவர் கோழிக்கூண்டுச் சாவியை மேசையில் வைத்தார். “சனிக்கிழமை காலையில எனக்கு முதுகு வலிக்கும்” என்றார் கடைசியில். “அவங்க கிளம்பிப் போயிடுவாங்க. நான் இங்கேயே இருந்துக்குவேன்.”

“பாவம் அந்த முதுகு. எவ்வளவு பழியைத்தான் அது சுமக்கும்.” யினெத் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பின்சீட்டு ஒண்ணு இருக்கே அப்பா. அங்க போர்டு எதுவும் படிக்க வேண்டாம்.”

“பெலார்மினோ பார்ப்பார். ஊரே பார்க்கும்.”

“நீங்கதான் பார்க்க மாட்டீங்களே. அப்புறம் என்ன வெக்கம்?”

சொன்ன பிறகுதான் அவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. எவேலியோ முதலில் திகைத்தார். அப்புறம் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார் என்று தெரிந்ததும் அவளும் சிரித்தாள். வாய் அப்படியே அம்மா வாய் என்றார் அவர்.

நாலு மணிக்குச் சதுக்கத்து மூலையில் ஹார்ன் சத்தம் காதைப் பிளந்தது. மாதா ஒரு தீயணைப்பு வண்டியின் மேல் நின்று வந்தாள். பின்னால் லாரிகள், டாக்சிகள், அப்புறம் பைக்குகள். அரசேலி வந்தாள். பக்கவாட்டில் இரண்டு பெட்டிகள், கை முட்டியில் எண்ணெய்க் கறை. அவளுக்குப் பின்னால் லிபார்தோ, கை கழுவக்கூட நேரமில்லாமல் தன் வண்டியில் வந்தான்.

அப்பாவும் மகளும் நின்ற இடத்தில் அவள் பைக்கை நிறுத்தினாள். யினெத் கண்ணாடியில் ரிப்பனைக் கட்டினாள். அரசேலி இன்ஜினை அணைக்கவில்லை.

“ஏறுங்க கிழவரே.”

பக்கத்துத் திட்டில் பெலார்மினோவும் அவர் கூட்டமும் நின்றிருந்தார்கள். அவர்கள் பேச்சு நின்றுவிட்டது. எவேலியோவுக்கு அவர்கள் முகம் தெரியவில்லை. ஆனால் அந்த மௌனம் நன்றாகக் கேட்டது.

“மந்திரிக்கிறது வண்டிக்குத்தானே, எனக்கு எதுக்கு? நீங்க போயிட்டு வாங்க” என்றார்.

“ஸ்பிரிங்கை உங்க எடைக்கு முறுக்கியிருக்கு. நீங்க இல்லாம ஓட்டினா என் இடுப்புதான் உடையும்.”

பின்னால் நின்ற டாக்சி ஹார்ன் அடித்தது. எவேலியோ ஹெல்மெட்டை வாங்கித் தலையில் மாட்டினார். மகள் பக்கம் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, “சீட் எங்க?” என்றார். யினெத் அவர் கையைப் பிடித்துச் சீட்டின் மேல் வைத்தாள். அவர் காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்தார்.

“என்ன கூட்டாளி, கம்பித்தட்டு சூடா இருக்கா?” என்று கத்தினார் பெலார்மினோ.

“சூடுதான்” என்றார் எவேலியோ. “உங்க வீட்டம்மாவுக்கு ஓட்டத் தெரிஞ்சா உங்களுக்கும் கிடைச்சிருக்கும்.”

திட்டே அதிர்ந்தது. இந்தத் தடவை சிரிப்பு பெலார்மினோ பக்கம் திரும்பிவிட்டது, அவரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். யாரோ ஹார்ன் அடித்தார்கள், அப்புறம் எல்லோரும் அடித்தார்கள்.

பைக் நடக்கிற வேகத்தில் நகர்ந்தது. எவேலியோ முதலில் சீட்டின் பின் கம்பியைப் பிடித்திருந்தார். கொஞ்ச தூரம் போனதும் கை தானாக அரசேலியின் இடுப்புக்கு வந்தது. அவள் தலையைத் திருப்பாமல் பேச ஆரம்பித்தாள்.

“வலது பக்கம் பெலார்மினோ தொப்பியை எடுத்து ஆட்டறார். நீங்களும் கையைத் தூக்குங்க.”

அவர் தூக்கினார்.

“முன்னால ஒரு பள்ளம். பிடிச்சுக்கோங்க. மாதாவுக்கு இந்த வருஷம் மஞ்சள் ரோஜா வெச்சிருக்காங்க, நல்லா இருக்கு. ரொட்டிக்கடை வாசல்ல ஒரு குழந்தை பலூனை விட்டுட்டு அழுது.”

எவேலியோவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. “ஏன் இதெல்லாம் எனக்குச் சொல்றீங்க?”

“மூட்டைகிட்டச் சொல்லிச் சொல்லிப் பழகி வெச்சிருக்கேன்ல.”

பைக் கோவிலைப் பார்த்துத் திரும்பியது.

“எப்போ தெரியும் உங்களுக்கு?”

“கிறிஸ்துமஸ் அன்னைக்குக் காப்பியில சர்க்கரைன்னு உப்பை அள்ளிப் போட்டுட்டு, முழுசாக் குடிச்சு முடிச்சீங்களே. எப்படி இருக்குன்னு கேட்டதுக்கு அருமையா இருக்குன்னீங்க.”

“நல்லாத்தான் இருந்துச்சு.”

“அன்னைக்குத்தான் கடலுக்குப் போயே ஆகணும்னு முடிவு பண்ணேன். தனியா போறதுக்கு எனக்கு என்ன தலையெழுத்து? உங்களோட போகணும். வழி பூரா நான் சொல்லிட்டே வர்றேன். மிச்சம் இருக்கிற பார்வையில நீங்க கடலைப் பாருங்க. பத்தாததை நான் சொல்றேன்.” அவள் ஒரு பள்ளத்தைச் சுற்றி வண்டியைத் திருப்பினாள். “காலையில சாவி மாறினதும் அதனாலதானே?”

“பழக்கதோஷம்.”

“சரி. பழக்கதோஷம்.”

அவர் தன் ஹெல்மெட்டை அவள் ஹெல்மெட்டின் மேல் லேசாக முட்டினார். இரண்டும் டொக்கென்று சத்தம் போட்டன.

முன்னாலேயே ஓடிப் போய்க் கோவில் படியில் நின்று யினெத் இதையெல்லாம் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. ஆனால் அம்மாவின் வாய் ஓயாமல் அசைவதும், அம்மா சொன்ன பக்கமெல்லாம் அப்பாவின் தலை திரும்புவதும் தெரிந்தது. மூட்டையோடு அம்மா பேசியது எதற்கென்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இத்தனை நாள் ஊரோடு சேர்ந்து தானும் சிரித்ததை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஒருத்தருக்கொருத்தர் மறைத்து ஒருத்தரையொருத்தர் காப்பாற்றியிருக்கிறார்கள், இரண்டு பேரும்.

அப்போது பையில் கைப்பேசி அதிர்ந்தது. தெரியாத எண். நேய்வா கண் ஆஸ்பத்திரியிலிருந்து பேசுவதாக ஒரு பெண் சொன்னாள். வெகு நாள் முன்பு, அப்பாவின் ஒரு கண்ணுக்கு மட்டும் புரை என்று நினைத்து அவர் பெயரை ஆபரேஷன் வரிசையில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். வரிசை அவ்வளவு நீளம் என்பதால் வீட்டில் எல்லோரும் அதை மறந்தே போனார்கள்.

“ஒருத்தர் வரலைன்னுட்டார். இடம் காலியா இருக்கு. சனிக்கிழமை காலையில ஆபரேஷன். உங்க அப்பாவைக் கூட்டிட்டு வர முடியுமா?”

“சனிக்கிழமையா?” யினெத் ஒரு காதைப் பொத்திக்கொண்டாள். ஹார்ன் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. “ஆபரேஷன் முடிஞ்சா பைக்ல போகலாமா? பின்னால உக்காந்து?”

“ஐயையோ, ஒரு மாசத்துக்காவது தூசி, காத்து, வெயில் எதுவும் கூடாது. ஆனா அதுக்கப்புறம் நல்லாத் தெரியும். இப்பவே சொல்லிடுங்க. இல்லைன்னா அடுத்தவங்களுக்குப் போயிடும், நீங்க மறுபடி வரிசையில கடைசிதான்.”

பைக் படிக்கு நேரே வந்து நின்றது. பெட்டி கட்டியாயிற்று, ஸ்பிரிங்கை முறுக்கியாயிற்று, மழைக்கோட்டு இரண்டு தயார். எல்லாவற்றுக்கும் மேல், ஊர் பார்க்க அப்பா பின்சீட்டில் ஏறிவிட்டார். இன்று ஏறியவர் ஒரு மாதம் கழித்தும் ஏறுவாரா? நல்ல கண்ணோடு பெலார்மினோவின் முகத்தை நேரே பார்த்துக்கொண்டு ஏறுவாரா? யினெத்துக்குத் தெரியவில்லை.

பாதர் கையை ஓங்கித் தெளித்தார். தீர்த்தம் சக்கரத்தில், பெட்டியில், சாவியில், இரண்டு ஹெல்மெட்டிலும் விழுந்தது. எவேலியோ ஹெல்மெட் கண்ணாடியை உயர்த்தி, கண்ணைத் திறந்தபடியே முகத்தை நீட்டி வாங்கிக்கொண்டார்.

“ஹலோ? இருக்கீங்களா? வர்றீங்களா, இல்லையா?” என்றது கைப்பேசி.

அரசேலி படியைப் பார்த்தாள். மகள் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு குறைந்தது. “யினெத், யார் போன்ல? என்ன ஆச்சு?”

யினெத் கைப்பேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கி வந்தாள்.

“அம்மா,” என்றாள். “கடல் எங்கயும் போயிடாதுல்ல?”